புதன்கிழமை மண்டகப்படி

இங்கிட்டு வந்து உக்காருங்க டீச்சர். அந்தப் பக்கம் வெயிலு மூஞ்சியில அடிக்கும். ஊருலருந்து கண்மாய்க்கரை வரைக்கும் இடது பக்கம் நெழலு, அதுக்கப்புறம் ரோடு திரும்பிரும், வலது பக்கம் வந்துரும். யாரும் சொல்லிக் குடுக்கல. இந்த மதிய பஸ்ஸுல பதிமூணு வாரம் போயிட்டு வந்தவ நான். வேணும்னா கண்டக்டர் தம்பியக் கேட்டுப் பாருங்க, சவரிமுத்துன்னு பேரு, நல்ல புள்ள.

காலையில சென்சஸுக்கு ஆளுக் கணக்கெடுக்க எங்க வீட்டுக்கு வந்தீகள்ல? பச்சைக் கலரு அடிச்ச வீடு, வாசல்ல ஆட்டுத்தொட்டி கெடக்கும். ஒங்களுக்கு செம்புல தண்ணி கொண்டாந்தது நான்தான். நீங்க செல்லுல தட்டிக்கிட்டே வாங்குனீக, மூஞ்சியப் பாத்திருக்க மாட்டீக. பதில் பூராம் எங்க வீட்டுக்காரருதான் சொன்னாக. எனக்கு வயசு அம்பத்தேழுன்னு அவுக சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. அம்பத்தி ரெண்டு டீச்சர். பஞ்சவர்ணம், அம்பத்தி ரெண்டு. அதத் திருத்த முடியுமா? முடியாதா, ஏறிருச்சா? சரி, விடுங்க. அஞ்சு வருஷந்தான.

மொத்தம் எம்புட்டு வந்துச்சு எங்க ஊரு? இருநூத்தி ஒம்போதா? கொறைச்சலாத் தெரியுதா ஒங்களுக்கு? எங்க குருந்தேந்தல்ல எந்தக் கணக்குக்கும் ஒரு கணக்கு இருக்கு. ரேஷன் கார்டுப்படி பாத்தா முன்னூத்தி நாப்பது. ஓட்டு அன்னைக்கு இருநூத்தி எழுவது. ஆத்தா கோயில் திருவிழாவுக்கு நானூறு, அம்புட்டுப் பேருக்கும் எலை போடணும். பயலுக பூராம் திருப்பூருலயும் மெட்ராஸுலயும் கெடக்குறானுக, திருவிழாவுக்கு வந்து நாலு நாளு ஆடிட்டுப் போயிருவானுக. மத்த நாளுல நீங்க சொல்றதுதான். அதுலயும் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வந்து எண்ணுனீகன்னா, நாடக மேடையில சீட்டாடிக்கிட்டு இருக்கிற பதினாலு ஆம்பளைகதான் கண்ணுல படுவாக. பொம்பளைக காட்டுல இருப்போம், இல்ல அடுப்படியில இருப்போம்.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், பஸ்ஸு.

இந்த பஸ்ஸு மூணு நடை வருது. காலையில எட்டு மணிக்கு ஒண்ணு. மதியம் பன்னெண்டரைக்கு ஒண்ணு, அதுலதான் இப்பப் போறோம். சாயந்திரம் டவுனுல நாலரைக்கு எடுத்தா ஊருக்கு அஞ்சேகாலுக்கு வரும். எங்க ஊருதான் கடைசி ஸ்டாப்பு. அதுக்கு அங்கிட்டு ரோடே கெடையாது, பொட்டலும் கருவேலங்காடுந்தான். மெயின் ரோட்டுலருந்து ஊருக்குப் பிரியிற விலக்கு இருக்குல்ல, அங்கருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டரு. பஸ்ஸு இல்லன்னா நடைதான். எம் மக செல்வராணிக்கு வலி எடுத்தது பதினொன்றரைக்கு. ஆம்புலன்ஸுக்கு போனு போட்டா டவரு எடுக்கல. இந்த மதிய பஸ்ஸுலதான் ஏத்திக்கிட்டுப் போனோம். டிரைவரு எங்கயும் நிப்பாட்டல, ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோயி விட்டாரு. அந்தப் பேத்தி இப்ப ஒண்ணாவது படிக்குது. அப்படியாப்பட்ட பஸ்ஸு டீச்சர் இது.

அதத்தான் நிப்பாட்டப் போறோம்னு தை மாசம் டெப்போவுலருந்து ஒரு ஆளு வந்து சொன்னாரு. எங்க ஸ்டாப்புல மதிய நடைக்கு ஏறுறது சராசரி ரெண்டரைப் பேருன்னாரு. அந்த அரை ஆளு யாருன்னு ஊரே ஒரு வாரம் பேசுச்சு. கடைசியில கட்டையன் மகன் மாரியப்பன்னு முடிவு பண்ணுனாக, அவன் பாதி தூரம் போயிட்டு எறங்கிருவான். அது கெடக்கு. வந்தவரு நல்ல மனுசன். மூணு மாசம் தவணை குடுத்தாரு. கடைசி ஸ்டாப்புல தெனம் பத்துப் பேராவது ஏறுனா மதிய நடை இருக்கும், இல்லைன்னா எடுத்துருவோம்னு சொல்லிட்டு, நான் குடுத்த மோரக் குடிச்சிட்டுப் போனாரு.

அன்னைக்கே நாடக மேடையில கூட்டம் போட்டாக. ஆம்பளைக மேடையில, நாங்க மேடைக்குப் பின்னாடி. எங்க வீட்டுக்காரருதான் கோயில் கமிட்டியில எல்லாத்துக்கும் முன்ன நிக்கிறவக. அவுக எந்திரிச்சுச் சொன்னாக, ஆத்தா கோயில் திருவிழாவுக்கு மண்டகப்படி பிரிக்கிறோம்ல, பத்து நாளுக்குப் பத்துக் கூட்டம், அவுகவுக நாளுக்கு அவுகவுக பொறுப்பு, அதே மாதிரி பஸ்ஸுக்கும் பிரிச்சுருவோம்னு. திங்கக்கெழமை கீழத்தெரு, செவ்வாக்கெழமை கோனாரு வீடுக, புதன்கெழமை எங்க கூட்டம், இப்படி. முறை தப்புன வீட்டுக்குத் திருவிழாக் கறியில பங்கு கெடையாது. ஊரே கையத் தட்டுச்சு.

அப்ப யாரு போறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. ஆம்பளைக போனா டிக்கெட்டு எடுக்கணும். பொம்பளைகளுக்குக் காசில்லா டிக்கெட்டு. அதனால பொம்பளைக போகட்டும்னு அவுகளா முடிவு பண்ணிட்டாக. போயி அங்க என்ன செய்யிறதுன்னு பின்னாடியிருந்து ஒருத்தி கேட்டா. ஒண்ணும் செய்ய வேணாம், போயிட்டு சாயந்திர பஸ்ஸுல திரும்பி வாங்கன்னுட்டாக. மூணேகால் மணி நேரம் டவுனுல ஒண்ணுஞ்செய்யாம இருக்கணும். அதுதான் எங்களுக்குக் குடுத்த வேலை.

எனக்கு அப்பவே பிடிக்கல டீச்சர். பஸ்ஸுல ஏறுனா எனக்குத் தலை கிறுகிறுக்கும். இடுப்பு வலி வேற. ஊருக்காகத்தான் ஏறுனேன். நல்லாக் கேட்டுக்கங்க, ஊருக்காக.

மொத புதன்கெழமை பன்னெண்டு பேரு கெளம்புனோம். டவுனு பஸ்டாண்டுல எறங்குனதும் ஒருத்திக்கும் என்ன செய்யிறதுன்னு தெரியல. டவுனுக்கு வராதவுக இல்ல நாங்க. ஆஸ்பத்திரிக்கு வருவோம், சாவு வீட்டுக்குத் துட்டி கேக்கப் போவோம், கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருவோம். ஒரு சோலியும் இல்லாம வந்ததில்ல. பன்னெண்டு பேரும் ஒருத்தி முந்தானைய ஒருத்தி பிடிக்காத கொறையா நின்னோம். பெறகு அந்த சிமிட்டி பெஞ்சுல உக்காந்தோம். நாலரை வரைக்கும் உக்காந்தே இருந்தோம். ஒரு போலீஸ்காரரு வந்து, ஏதாச்சும் மறியலான்னு கேட்டுட்டுப் போனாரு.

ரெண்டாவது வாரம் கொஞ்சம் தேறிட்டோம். ஒரு ஜவுளிக்கடையில நல்லாக் காத்து வருதுன்னு உள்ள போனோம். அங்க ஒரு பையன், தங்கமான பையன், அறுபது சேலை பிரிச்சுப் போட்டான். எங்களுக்கு எடுக்கணும்னு எண்ணமே இல்ல. ஆனா பாத்துட்டோம்ல, சும்மா எந்திரிச்சு வந்தா மரியாதையா இருக்குமா? இதுல பார்டரு பெருசு, அதுல பூவு சிறுசு, இந்தக் கலரு வெளுக்கும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொறை சொல்லி முடிக்கவே ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. அடுத்த வாரம் எங்களக் கண்டதும் அந்தப் பையன் டீ குடிக்கப் போயிட்டான்.

அதுக்குப் பெறகு ரயிலடிக்குப் போக ஆரம்பிச்சோம். ஏன் போனோம்னு கேக்காதீக, அங்க பெரிய தூங்குமூஞ்சி மரம் நிக்கிது, நெழலுக்குத்தான். ரெண்டே முக்காலுக்கு ஒரு ரயிலு வரும். ரெண்டு நிமிஷம் நிக்கும். சன்னலோரம் உக்காந்திருக்கவுக நம்மளப் பாப்பாக, நம்ம அவுகளப் பாப்போம். ஒரு தடவை ஒரு சின்னப்புள்ள எனக்குக் கையக் காட்டுச்சு. நானும் காட்டுனேன். அம்புட்டுத்தான், ரயிலு போயிரும். அது எந்த ஊருக்குப் போகுதுன்னுகூட நாங்க ஒருத்தரையும் கேட்டதில்ல. வர்ற வழியில சேமியா ஐஸு. வெயிலுக்குத் தொண்டை காயும்ல டீச்சர், அதுக்குத்தான்.

வீட்டுல சோறாக்கி மூடி வச்சிட்டு வந்துருவேன். அவுகளே போட்டுத் திம்பாக. முப்பத்தி ரெண்டு வருஷத்துல அவுகளுக்குத் தட்டு எங்க இருக்குன்னு அந்த மூணு மாசத்துலதான் தெரிஞ்சுச்சு. மொத வாரம் கொழம்புன்னு நெனச்சு ரசத்துக்குக் கரைச்சு வச்ச புளித்தண்ணிய ஊத்தித் தின்னுட்டு, இன்னைக்கு ஏன் இம்புட்டு புளிப்புன்னு கேட்டாக. நான் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டேன். சிரிச்சா வருத்தப்படுவாகள்ல.

மத்த நாளுக்காரிக சும்மா இருப்பாளுகளா? மண்டகப்படின்னு பேரு வச்சாச்சுல்ல. வெள்ளிக்கெழமை மேலத்தெருக்காரிக மூணாவது வாரமே பட்டுச்சேலை, தல நெறையப் பூவு. பஸ்ஸு வந்து நின்னதும் முன்னாடி தேங்கா ஒடைச்சு, சந்தனம் தடவி, டிரைவருக்கு மாலை போட்டுட்டாளுக. டிரைவரு அன்னைக்கு மாலையோடயே வண்டி ஓட்டுனாரு. வழியில நிக்கிறவுக கல்யாண வண்டின்னு நெனச்சு ஏறவே இல்லையாம். சனிக்கெழமைக்காரிக சுண்டல் அவிச்சு வண்டியில இருக்கவுக எல்லாத்துக்கும் குடுத்தாளுக. செவ்வாக்கெழமை ஒருத்தி பேத்தி செல்லுல நாயனம் போட்டு விட்டுட்டா. எங்க கூட்டம் மட்டும் எளைச்சதா? நாங்க பானகம் கரைச்சோம். பெரிய அண்டாவுல. விலக்கு திரும்பையில அந்த அண்டா சாஞ்சு பஸ்ஸு பூராம் வெல்லத்தண்ணி. சவரி தம்பிதான் பாவம், டெப்போவுல போயிக் கழுவுனாராம். எறும்பு மறுநாளும் டிக்கெட்டு இல்லாம வந்துச்சாம்.

இதெல்லாம் வெளையாட்டு. சண்டை வந்தது மொத டிக்கெட்டுல. மண்டகப்படின்னா மொத மரியாதைன்னு ஒண்ணு உண்டுல்ல டீச்சர்? கோயில்னா மாலை குடுப்பாக, தேங்காமுறி குடுப்பாக. பஸ்ஸுல என்ன இருக்கு, கண்டக்டரு அடிச்சுக் குடுக்குற மொத டிக்கெட்டுத்தான். காசில்லாத டிக்கெட்டா இருந்தா என்ன? ஏற்பாடு பண்ணுனது எங்க வீட்டுக்காரரு. அவுக சம்சாரம் நான். அது என் கைக்கு வரணுமா வரக்கூடாதா? எனக்கு ஓரகத்தி ஒருத்தி இருக்கா, தவமணின்னு, எங்க கொழுந்தன் பொண்டாட்டி. அவ சொல்றா, வயசுல மூத்தவ நான், எனக்குத்தான் மொத டிக்கெட்டுன்னு. எட்டு மாசம் மூத்தவ டீச்சர். எட்டே மாசம். நான் மூத்தவருக்கு வாக்கப்பட்டவ. படிக்கட்டுல நின்னு ரெண்டு பேரும் பேசுனோம். டிரைவரு வண்டிய ஆப் பண்ணிட்டாரு.

சவரி தம்பி பாத்துச்சு. மிஷின்ல மொத டிக்கெட்ட அடிச்சு, கொண்டுபோயி முன்னாடி கண்ணாடிக்கிட்ட இருக்கிற சாமி படத்துல சொருகிருச்சு. மொத மரியாதை சாமிக்கு, ஏறுங்கன்னுச்சு. அன்னையிலருந்து எல்லா நாளுக்காரிகளுக்கும் அதேதான். அதுல என்ன ஆச்சுன்னா, சாமியும் எங்க ஊரு ஆளுகளோட ஒரு ஆளாக் கணக்குல ஏறிருச்சு. ஒங்க கணக்குல சேத்தா இருநூத்திப் பத்து.

நான் தவமணியோட அஞ்சு வாரம் பேசல. பஸ்ஸுல ஒரே சீட்டு, ரயிலடியில ஒரே பெஞ்சு, பேச்சு மட்டும் இல்ல. ஆறாவது வாரம் அவளுக்கு ஐஸு உருகி சேலையில வழிஞ்சுச்சு, தொடச்சு விட்டேன். அதோட சரியாயிருச்சு.

பங்குனி முடியவும் டெப்போ ஆளு வந்தாரு. கையில பேப்பரு. தெனம் சராசரி பதிமூணு பேருன்னாரு. மதிய நடை நிக்காது, தொடர்ந்து ஓடும்னாரு. ஊரே வெடி போட்டுச்சு. எங்க வீட்டுக்காரருக்குத் துண்டு போட்டாக. அவுகளும் எந்திரிச்சு நின்னு, ரொம்பச் சந்தோசம், இனிமே முறை கிறை ஒண்ணும் வேணாம், பொம்பளைகளுக்கும் மூணு மாசமாப் பெரிய செரமம், இனி அவுகவுக வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லிட்டு உக்காந்துட்டாக.

எல்லாரும் கையத் தட்டுனாக. நானும் தட்டுனேன். தட்டிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு அடுத்த புதன்கெழமை நெனைப்பு வந்துருச்சு. அன்னைக்குச் சோறு எறங்கல.

வருத்தம்னா எனக்காக இல்ல டீச்சர். ஊருக்காக. யோசிச்சுப் பாருங்க, இன்னைக்குப் பதிமூணுன்னு எழுதுனவரு நாளைக்கு வந்து பாத்தா? யாரும் ஏறலைன்னா மறுபடி ரெண்டரைதான. பெறகு அந்த நடைய எடுத்துட்டா யாரு பதில் சொல்றது? இதை வீட்டுல சொன்னேன். அதெல்லாம் ஆம்பளைக நாங்க பாத்துக்கிருவோம், ஒனக்கு எதுக்கு அலைச்சலுன்னாக. எனக்கு அலைச்சலாம். நான் என்னைக்காச்சும் அலைச்சலுன்னு சொன்னேனா? சொன்னேன்தான். இடுப்பு வலின்னு சொன்னேன். சொல்லாம இருந்தா, இவளுக்கு என்ன ஊரு சுத்துறதுல இம்புட்டு ஆசைன்னு கேப்பாகள்ல. அதுக்காக நெசம்னா நெனச்சுக்கிர்றது?

போன புதன்கெழமை வீட்டுலதான் இருந்தேன். பன்னெண்டே காலுக்குக் கண்மாய்க்கரை திரும்புற சத்தம் கேட்டுச்சு. டிரைவரு அங்க ரெண்டு தடவை ஆரன் அடிப்பாரு, நாங்க கொண்டையப் போட்டுக்கிட்டு ஓடி வாரதுக்காக அவரா வச்ச பழக்கம். அன்னைக்கும் அடிச்சாரு. கரண்டியக் கீழ போட்டுட்டேன். பத்து நிமிஷம் நிக்க வேண்டிய வண்டி பதினஞ்சு நிமிஷம் நின்னுச்சு. பெறகு போயிருச்சு. ஆளில்லாத பஸ்ஸு போற சத்தமே வேற டீச்சர், சன்னல் கண்ணாடி பூராம் லொடலொடன்னு ஆடும். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன், அதுவும் இருக்கும். கொழம்பு அடிப்பிடிச்சுருச்சு. அவுக வஞ்சாக.

ரெண்டே முக்காலுக்கு வாசல்ல வந்து உக்காந்தேன். எங்க ஊருக்கும் ரயிலுக்கும் பதினெட்டு கிலோமீட்டரு, ஒண்ணும் கேக்காது. சும்மா உக்காந்தேன். அந்நேரத்துக்கு யாரும் என்னை எதுக்கும் கூப்பிடாம இருந்து பழகிப்போச்சு. கூப்பிட்டாக. காப்பி கேட்டாக. போட்டுக் குடுத்தேன்.

இன்னைக்கா? இன்னைக்கு சோலி இருக்கு டீச்சர். ரேஷன் கடை மிஷினுல என் கைரேகை விழ மாட்டேங்குது. டவுனு ஆபீஸுல போயிப் புதுப்பிக்கணும்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன். கையக் காட்டவா? பாருங்க, ரேகை நல்லாத்தான் இருக்கு. போன வாரங்கூட ஒரே அமுக்குல விழுந்துச்சு. ஆனா ஒரு நாளைக்கு விழாமப் போகலாம்ல, முன்கூட்டியே பாத்து வச்சிக்கிர்றது நல்லதுதான. நாடக மேடையத் தாண்டி வாரேன், பதினாலு ஆம்பளைகளும் சீட்டக் கீழ வச்சிட்டு எங்கிட்டுப் போறேன்னு கேக்குறாக. அந்த மூணு மாசம் ஒருத்தரு கேட்டதில்ல. பதினாலு பேருக்கும் தனித்தனியாக் கைரேகையச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டி கெளம்பப் பாத்துச்சு. டிரைவருதான் நின்னு ஏத்துனாரு.

மத்தவளுகளக் கூப்பிட்டிருக்கலாமேன்னு நெனைப்பீக. எவளுக்கும் இதுல நாட்டமே இல்ல டீச்சர். தவமணிகிட்ட நேத்து ஆடு பத்தையில ஜாடையாக் கேட்டுப் பாத்தேன், அந்த வெயிலுல யாருடி போவா, வேற சோலி இல்லையான்னுட்டா. எங்க கூட்டத்து மாரியக்காவும் காது கேக்காத மாதிரி போறாக. எல்லாரும் மாறிட்டாளுக. அவளுக மனசு எனக்குத் தெரியாதா? எங்க கூட்டத்துல ஒருத்தி விடாம எதுன்னாலும் எங்கிட்டத்தான் வந்து கொட்டுவாளுக. நான் ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் ஒத்தையா வாரேன். ஒத்தையா ஏறுனா கணக்குல ஒண்ணு. ஒங்களச் சேத்தா ரெண்டு. போகட்டும், சாமிக்கு ஒண்ணு அடிச்சிருச்சு சவரி தம்பி. மூணு. ஊருக்காகச் செய்யிறதுதான.

விலக்கு வந்துருச்சு பாருங்க. இங்க இந்நேரத்துக்கு யாரும் ஏற மாட்டாக, நிக்காமத் திரும்பிரும்.

நிக்கிதே. என்ன தம்பி, ஏன் நிப்பாட்டுறாக? ஆளு இருக்கா? இந்தக் கொள்ளை வெயிலுல எந்த ஊரு ஆளுக அது, முக்காடு போட்டுக்கிட்டு? ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒம்போது பேரு நிக்கிறாளுக. டீச்சர், கொஞ்சம் சாஞ்சுக்கங்க, நான் பாக்குறேன்.

அடி ஆத்தி. தவமணி.

அது மாரியக்கா. அது கூனி மக. அந்தா, குட்டியம்மா. டீச்சர், எங்க கூட்டந்தான் டீச்சர் இது. புதன்கெழமைக்காரிக. காட்டு வழியா நாலு கிலோமீட்டரு நடந்து வந்து இங்க நிக்கிறாளுக. மூஞ்சியெல்லாம் பாருங்க, கருகிப்போயி.

ஏறுங்கடி. ஏறி வாங்க. பாத்து, அந்தப் படி ஒடைஞ்சிருக்கு. ஏன்டி தவமணி, யாருடி போவா வெயிலுலன்னு நீதானடி நேத்துச் சொன்ன? கையில என்ன? மிக்ஸி ஜாரு. ரிப்பேரா? போன மாசந்தான வாங்குன அதை? மாரியக்கா, நீங்க எதுக்கு குக்கரத் தூக்கிக்கிட்டு... மூடி எங்க? மூடி மட்டும் வீட்டுல நல்லா இருக்காக்கும். குட்டியம்மா, ஒனக்குக் கண்ணுப் பரிசோதனையா? ஊசியில நூலு கோக்குறவ ஊருலயே நீ ஒருத்திதானடி. சரி சரி, உக்காரு. நான் ஒண்ணும் கேக்கல.

மேடையில இருக்கவுக கேப்பாகன்னுதான் இங்க வந்து ஏறுறீகளா? அம்புட்டு தூரமும் நடந்தா? எல்லாரும் பேசி வச்சிக்கிட்டு வந்திருக்கீக. என்னையை மட்டும் விட்டுட்டீக. ஏன்டி? இல்ல, எனக்குத் தெரியணும். நான் என்ன அந்நியமா? ரயிலடியில ஒரே பெஞ்சுல உக்காந்தவதான நானும்? போன வாரம் பூராம் நான் ஒத்தையா எப்படிக் கெடந்தேன்னு ஒனக்குத் தெரியுமா?

என்ன சொல்றா பாருங்க டீச்சர். எனக்கு வாயி நிக்காதாம். எங்கிட்டச் சொன்னா எங்க வீட்டுக்காரரு காதுக்குப் போயிருமாம், அவுக காதுக்குப் போனா மேடைக்குப் போயிருமாம். நானா? எனக்கா வாயி? இந்தா இருக்காக டீச்சர், ஊருலருந்து என் கூடத்தான் வாராக, கேட்டுப் பாருடி. நான் எதுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை வாயத் தெறந்தேனா? கைரேகைன்னு மட்டுந்தான சொன்னேன்? சொல்லுங்க டீச்சர். சிரிக்காதீக. சிரிச்சா அவளுக வேற மாதிரி நெனைப்பாளுக.

சரி, தள்ளி உக்காரு. மூச்சு வாங்குது பாரு ஒனக்கு. தண்ணி குடி. இந்தா.

என்ன தம்பி சொல்ற? ஆமால்ல. விலக்குல ஏறுனா எங்க ஊருக் கணக்குல வராதா? மெயின் ரோட்டுக் கணக்கா? ஏன்டி, கேட்டீகளா? நாலு கிலோமீட்டரு நடந்து வந்து பஸ்ஸக் காப்பாத்துறோம்னு பஸ்ஸுக்கே ஒல வச்சிட்டு வந்திருக்கீக. ஊருல ஏறியிருந்தா என்னோட சேத்துப் பத்து. அவரு கேட்ட அதே பத்து. இப்ப நம்ம ஸ்டாப்புக் கணக்குல இருக்கிறது நான், டீச்சரு, சாமி.

இங்க பாருங்கடி, நான் ஒண்ணு சொல்றேன். அடுத்த புதன்கெழமை ஊருலயே ஏறுவோம். மேடைக்கு முன்னாடியே. கேப்பாகன்னா கேக்கட்டும். ஜாரும் வேணாம், குக்கரும் வேணாம், கண்ணும் வேணாம். சும்மா போறோம்னு சொல்லுவோம். என்ன பாக்குற? எனக்கும் பயந்தான். காலையில அவுக முன்னாடி கைரேகைன்னு சொல்லும்போது கைய முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன். ஆனா எனக்குப் புதன்கெழமை வேணும் தவமணி. ஊருக்காக இல்ல. ஊரு கெடக்கு. எனக்கு வேணும்.

சொல்லிட்டேன். டீச்சர் இருக்காகன்னுகூடப் பாக்காம சொல்லிட்டேன்.

மாரியக்கா, நீங்க ஏன் அழுகுறீக? அந்தக் குக்கரக் கீழ வைங்க மொத. ரெண்டே முக்காலுக்கு இன்னும் நேரம் இருக்கு, நல்ல பெஞ்சாப் பாத்து உக்காரலாம். டீச்சர், ஒங்களுக்கு சோலி இல்லைன்னா நீங்களும் வாங்க, பக்கத்துலதான். இல்ல, வேலை இருக்கா, ஆபீஸுல குடுக்கணுமா? சரி. குடுக்கும்போது ஒண்ணு மட்டும் கேட்டுக்கிர்றேன். எங்க ஊருப் பொம்பளைக எம்புட்டுன்னு ஏத்தியிருக்கீக? நூத்திப் பதினெட்டா? அதுல பத்துப் பேரு இப்ப ஊருல இல்ல. அதுக்காக எங்களக் கழிச்சிறாதீக, அஞ்சேகாலுக்கு வந்துருவோம்.